தி காக்காவும் ஒரு சஹன் சோறும்

ஆங்கிலத்துக்காக ஆங்கிலேயர் பட்ட கவலை முழுவதையும் கூட்டினாலும் எங்கள் தி காக்கா பட்டதில் பாதி வராது. காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்; ஆள் கல்முனைக்காரர். அறுகம்பே கடற்கரையில் நான் வரவேற்பு மேசையில் இருந்த விடுதிக்கு அவர்தான் சமையல்.

ஆங்கிலத்தில் பருவகாலங்களுக்கு முன்னால் ‘தி’ போடுவதா விடுவதா என்பது அவருடைய ஆயுள் வழக்கு. ஒரு விருந்தாளி ‘சம்மர்’ என்பார், இன்னொருவர் ‘தி சம்மர்’ என்பார். இரண்டும் சரிதான் என்று நான் சொன்னால் என்மேல் அகப்பையை ஓங்குவார்.

“ரெண்டும் சரியெண்டா என்னத்துக்கு ரெண்டு? ஒண்டு ஹலால், ஒண்டு ஹராமாத்தான் இரிக்கணும்!”

எங்களுக்கு இருப்பதோ கோடையும் மாரியும்தான். கண்ணால் காணாத குளிர்காலத்துக்கு மனிதர் வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தார். பாறையில் கால் கிழிந்து வந்த வெள்ளைக்காரனுக்கு மருந்து போட்டபடியே, “விண்டரா, தி விண்டரா?” என்று கேட்டார். அவன் அலறினான். செல்லாத வாக்கு என்று தள்ளிவிட்டார்.

ஒரு மத்தியானம், தேனிலவுக்கு வந்த ஆங்கிலச் சோடியிடம் கேட்டார். கணவன் ‘சம்மர்’ என்றான். மனைவி ‘தி சம்மர்’ என்றாள். முதலில் சிரித்தார்கள். பிறகு, எப்போதும் என்னைத் திருத்துகிறாய் என்று அவன் தொடங்க, பேச்சு மாமியார் வரை போய்விட்டது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, கொழும்பு பஸ் எப்போது என்று என்னிடம் கேட்டாள்.

காக்காவின் முகம் செத்துப்போனது.

“புரிசன் பொஞ்சாதியப் பிரிக்கிறது ஷைத்தான்ட வேலைதானே தம்பி! நாளைக்கு அல்லாஹ்ட்ட என்னத்தச் சொல்ற?”

“பஸ் பின்னேரம்தான் காக்கா. சோறு ஆக்கியாச்சா?”

“ஓம், ஆக்கித்தான் இரிக்கி. சஹன எடு!”

சஹன் என்பது எங்கள் கலியாண வீடுகளில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டு. பாயை விரித்தார். என்னையும் வாசலில் நின்ற ஆட்டோக்காரர் இருவரையும் இழுத்துப்போட்டு ஆளைச் சேர்த்தார். அந்த நெரிசலில் சோடி தோளோடு தோள் முட்டி உட்கார வேண்டியதாயிற்று.

“ஒரு சஹன்ல கை வெச்சா, எழும்புற வரைக்கும் கோவிக்கப்படாது. சொல்லு தம்பி!”

அப்படியொரு சட்டம் எந்த மார்க்கக் கிதாபிலும் இல்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன்.

நல்ல இறைச்சித் துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளுவது சஹன் வழக்கம். காக்கா தன் பக்கத்துத் துண்டையெல்லாம் அவள் பக்கம் தள்ளினார். பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒன்றைக் கணவன் பக்கம் தள்ளினாள். அவன் திருப்பித் தள்ளினான். உறைப்பில் இருவருக்கும் மூக்கு ஒழுக, சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, யார் சொன்னது சரி?” என்று அவள் காக்காவைக் கேட்டாள்.

“ரெண்டு பேரும் சரிதான் மேடம்” என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அந்த மனிதரை அன்றைக்குப் பிடித்ததுபோல் வேறு யாரையும் எனக்குப் பிடித்ததில்லை. அவர் பக்கம் வெறும் சோறுதான் மிச்சமிருந்தது. என் துண்டை மெல்ல அங்கே தள்ளிவைத்தேன்.