டயர் தேர்வுக் குழுவின் அறுபத்தோரு பக்க அறிக்கை

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது ஒரு சாதனை என்றால், அந்தச் சக்கரத்துக்கு எந்த டயர் போடுவது என்று நான்கு மாதம் யோசித்த நம் 'சேர்மன்' செய்தது அதைவிடப் பெரிய சாதனை. கண்டுபிடித்தவருக்கென்ன, ஒப்பீட்டு அட்டவணை போடும் தலைவலியே கிடையாது.

சேர்மன் என்பது வீட்டில் வைத்த பட்டம். ஓர் அலுவலகத்தின் கொள்முதல் பிரிவைக் கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுக்க அவசரப்பட்டு ஒரு குண்டூசிகூட வாங்காதவர். வீட்டிலிருந்த சின்னக் காரை ஓட்டும் அற்ப வேலையை மட்டும் மனைவியிடம் விட்டிருந்தார். அந்த அம்மாள் தினமும் காலையில் மகளைக் கல்லூரியில் இறக்கிவிட்டு, நெடுஞ்சாலை வழியே ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போகிறவர்.

"ஏங்க, நாலு டயரும் மொட்டையாயிடுச்சு. மழை வேற ஆரம்பிச்சிடுச்சு. இன்னிக்கே மாத்திடலாம்."

"இன்னிக்கேவா?" சேர்மனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டயர் என்ன கத்தரிக்காயா, கூடையில அள்ளிப் போட? முறைன்னு ஒண்ணு இருக்கும்மா!"

அன்றே சாப்பாட்டு மேசையில் 'டயர் தேர்வுக் குழு' உதயமாயிற்று. தலைவர், அவர். செயலாளர், பொருளாளர், தொழில்நுட்ப ஆலோசகர் எல்லாம் அவரே. குறிப்பெழுத மகள். மனைவி 'சிறப்பு அழைப்பாளர்'. பேசலாம், வாக்கு கிடையாது. முதல் கூட்டத்தில் டயர் 'மொட்டை'யா, 'தேய்மானமுற்றதா' என்று இரண்டு மணி நேரம் விவாதித்து, தேய்மானமுற்றதே என்று முடிவு செய்தார்கள். ஒன்பதாம் கூட்டத்தில் டயர் ஓடும்போது எழுப்பும் சத்தத்தை ஆராய்ந்தார்கள். வெளியே மழை கொட்டிய சத்தத்தில் தலைவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை.

பதினான்காம் கூட்டத்தில் மகள் கை தூக்கினாள். "அப்பா, நேத்து சிக்னல்ல அம்மா பிரேக்கை அமுக்கியும் வண்டி நிக்கல. வழுக்கிட்டே போய் லாரிக்குப் பின்னாடி முட்டுற மாதிரி நின்னுச்சு. எனக்கு உயிரே போயிடுச்சு."

"எத்தனை அடி வழுக்குச்சு?"

"என்னது?"

"தோராயமா சொல்லாதே. அறிக்கையில போடணும்."

"டேப் எடுத்துட்டுப் போகலப்பா."

"இனிமே வண்டியில ஒண்ணு வை," என்றார் சேர்மன், கனிவோடு.

அறிக்கை முடிந்தது. அறுபத்தோரு பக்கம், பளபளக்கும் அட்டை. அதில் தேறிய ஒரே டயரை டயர்க்கடைக்காரர் வெளியூரிலிருந்து வரவழைத்தார். குடும்பமே கடைக்குப் போனது. கடைக்காரர் புது டயரைக் கார்ச் சக்கரத்தருகே உருட்டி வந்து வைத்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சார், இந்த சைஸை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"ஸ்டெப்னியிலேர்ந்து. டிக்கியில சுத்தமா இருந்துது, எழுத்தெல்லாம் பளிச்சுன்னு."

"ஐயோ சார், அது பஞ்சரானா கடை வரைக்கும் வர்றதுக்குக் குடுக்கிற ஒல்லி டயரு! ஓடுற நாலும் வேற சைஸு. அதைப் பாக்கலியா?"

"அது... குனிஞ்சு பாக்கணும். ஒரே சேறு."

கடைக்காரர் முன்சக்கரத்தைக் கழற்றித் திருப்பினார். ரப்பரைக் கிழித்துக்கொண்டு உள்பக்கம் கம்பி பல்லிளித்தது. "மேடம், இதுலயா மழையில ஓட்டுனீங்க?"

அந்த அம்மாள் கம்பியைப் பார்த்தார். கணவரைப் பார்க்கவில்லை. "சரியான சைஸ்ல, மழையில வழுக்காததா நாலு போடுங்க. இப்பவே."

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

"குழு கூடாம எப்படி..." என்று ஆரம்பித்த சேர்மன், மனைவியின் முகத்தைக் கண்டு சுருதியைக் குறைத்தார். "சரி, போகட்டும். குழுவைக் கலைச்சிடலாம். தலைவரோட சேவையைப் பாராட்டி ஒரு தீர்மானம் மட்டும் எழுதும்மா. அது மரபு."

மகள் அங்கேயே நின்று எழுதி, உரக்கப் படித்தாள்:

"மழைக்காலம் நெடுகிலும் தலைவர் அவர்கள் ஒரு கீறல்கூட இல்லாமல் வீட்டிலேயே பத்திரமாக இருந்தமைக்கு, காரில் போன உறுப்பினர்கள் இருவரும் பாராட்டுத் தெரிவிக்கிறார்கள்."