மோகினிக்கு மீசை இருந்தது குறித்துச் சம்பந்திக்கு

பழவேற்காடு,
வியாழக்கிழமை, மத்தியானம்.

பெருமதிப்புக்கும், இந்த நிமிடம்வரை சம்பந்தி என்ற உறவுக்கும் உரிய திரு. தனக்கோடி அவர்கள் சமூகத்துக்கு, சிங்காரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும், என் மனைவி வேலம்மாவும், தங்கள் வருங்கால மருமகள் கீதாவும் சுகம். அங்கே தங்களைத் தவிர எல்லோரும் சுகம் என்று மாப்பிள்ளை மோகன்குமார் ஃபோனில் சொன்னார். தாங்கள் மட்டும், போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் யாரோ காட்டிய செல்ஃபோனில் 'உப்பங்கழி மோகினி' என்ற பேய்ப் படத்தைப் பார்த்ததிலிருந்து ஒருவரோடும் பேசாமல், பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பதாகவும், கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் தெரிந்தது. காரணத்தையும் தாங்கள் சொல்லவில்லையாம். சொல்லாவிட்டாலும் எனக்குப் புரிகிறது. அந்தப் படத்தில் வெள்ளைப் புடவை கட்டி, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கதாநாயகனைத் துரத்துகிற மோகினி நான்தானா என்பது தங்கள் சந்தேகமானால், ஆம், நான்தான். ஆனால் படம் முழுவதும் நான் இல்லை, கடைசிக் காட்சியில் மட்டும்தான். இது எப்படி நடந்தது என்று தெரிந்தால் தங்கள் மனம் ஆறும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பழவேற்காட்டில் கல்யாண வீடியோ எடுத்துவந்த ஜோஷ்வா என்ற தம்பி, ஒரே மாதிரி கல்யாணங்களை எடுத்து அலுத்துப்போய், இனி பேய்ப் படம் எடுப்பது என்று முடிவுசெய்து, சென்னையிலிருந்து ஒரு கதாநாயகனையும், மோகினி வேஷத்துக்கு ஒரு பெண்ணையும் அழைத்துக்கொண்டு நம் குப்பத்துக்கு வந்தார். முட்டியளவு தண்ணீரில் மோகினி நடந்துவர வேண்டும், அதற்கு ஏரியில் தோதான இடம் வேண்டும் என்றார். அவர் கைகாட்டிய இடமோ நாம் பாடு முறை வைத்து வலை போடுகிற இடம். தாங்கள் இதே குப்பத்தில் பிறந்தவர், வேலை கிடைத்து அனுப்பம்பட்டுக்குக் குடிபோன பிறகும் ஏரியில் தங்கள் பங்கைத் தங்கள் தம்பி விடாமல் பார்த்துவருகிறார், ஆகவே தங்களுக்கு நான் பாடு முறையை விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் சம்பந்தியம்மாவுக்காகச் சொல்கிறேன். ஏரியில் மீன் படுகிற இடமும் உண்டு, படாத இடமும் உண்டு. நல்ல இடத்தை ஒருவரே பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு சீட்டு எழுதிக் குலுக்கி, இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை போட்டு வலை இறக்குவோம். முறை வந்தும் போகாதவன் அடுத்த சுற்று வரும்வரை கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஊர்த் தலைவர் கோதண்டம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜோஷ்வாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வலையே அங்க முறை வச்சித்தான் போட்றோம். பேயி மட்டும் தெனம் ஒரே ஆளு வந்து நிக்குமா?"

"அண்ணா, பேய்னா ஒரே மூஞ்சிதாண்ணா இருக்கணும். பாக்கறவன் கொழம்பிடுவான்."

"ஏன், ஒம் பேய்க்கு ஆதார் கார்டா கீது?"

இலக்கியத்தில் ஓரளவு பழக்கமுள்ள நானும் யோசித்துப் பார்த்தேன், நான் படித்த எந்தப் பேயிடமும் ஆதார் இல்லை. மோகினி வேஷத்துக்கும் சீட்டுக் குலுக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்த பெண் பெருந்தன்மையோடு எங்களுக்கெல்லாம் பவுடர் பூசிவிடும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். முதல் நாள் மோகினி, கருவாடு விற்கிற ஆண்டாளம்மா. ரத்தம் குடிக்க வந்தவர், கதாநாயகனைக் கிட்டத்தில் பார்த்ததும் வசனத்தை மறந்து, "இன்னாடா கண்ணு, இப்டி எளச்சிப் பூட்ட, வூட்ல சோறு போட்றாங்களா இல்லியா?" என்று கேட்டுவிட்டார். மறுநாள் மோகினி, ஐஸ் உடைக்கிற வாலிபர், ஆறடி உயரம், புடவை முழங்காலோடு நின்றுவிட்டது. அதற்கடுத்த நாள் கோதண்டமே வந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தண்ணீரும் தெரியாது, தரையும் தெரியாது என்பதால், படத்தின் நடுப்பகுதியில் மோகினி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பழிவாங்குகிறது. ஜோஷ்வா கதையில் ஒரே ஒரு வசனத்தைச் சேர்த்தார்: "அது நெனச்ச உருவம் எடுக்கும்." இந்த ஒரு வரியால் குப்பத்தின் உரிமையும் கதையின் நம்பகத்தன்மையும் ஒருசேரக் காப்பாற்றப்பட்டன.

ராத்திரியில் எடுக்க விளக்கு வசதி இல்லாததால் படம் முழுவதும் மத்தியானத்திலேயே எடுக்கப்பட்டு, பிறகு கம்ப்யூட்டரில் நீலம் போட்டு நடுச்சாமம் ஆக்கப்பட்டது. அதனால்தான் அமாவாசை இருட்டில் பூநாரைகள் வரிசையாக நின்று இரை தேடுவதையும், மோகினிக்கு அழுத்தமான நிழல் விழுவதையும் தாங்கள் பார்த்திருப்பீர்கள். மர்மப் புகை என்பது கொசுமருந்துப் புகை. கதாநாயகன் பயத்தில் நடுங்குவதாகத் தாங்கள் நினைத்த இடத்தில் உண்மையில் அவர் இருமுகிறார். ரத்தத்துக்கு ரோஸ் மில்க் எசென்ஸ் ஊற்றியதில் எறும்பு மொய்த்து, செத்துக் கிடக்க வேண்டியவர் இரண்டு தடவை எழுந்து வேட்டியை உதறினார். ஜோஷ்வா அதையும் வைத்துக்கொண்டார்.

கடைசி நாள் என் முறை. சொந்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான மனிதன் நான், கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன், நூலகத்தில் என்னைக் கண்டால் எழுந்து நிற்பவர்கள் இன்றும் உண்டு. மறுத்திருக்க மாட்டேனா? ஆனால் முறையை விட்டுக்கொடுத்தால் ஏரியிலும் என் முறை போய்விடும் என்று கோதண்டம் சட்டம் பேசினார். வேலம்மா தன் வெள்ளைப் புடவையைக் கொண்டுவந்து என் மேல் எறிந்து, "பொண்ணுக்குப் பொடவ எடுக்கக் கூப்ட்டா கால் வலிக்குதும்ப, நீ கட்டிக்கறதுன்னா மட்டும் வெடிகாலையில குளிச்சிட்டு நிக்கற" என்றாள். அது வீண்பழி. நான் எப்போதுமே விடியற்காலையில் குளிப்பவன். மீசையை எடுக்கச் சொன்னார்கள், அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு மீசையோடு வந்தவன் கல்யாணத்துக்கு மீசையில்லாமல் வந்து நின்றால் தங்கள் தரப்பில் ஆள்மாறாட்டம் என்று கேட்க மாட்டார்களா? ஆக, மோகினிக்கு மீசை இருந்ததே தங்கள் குடும்பத்தின் மீது எனக்குள்ள மரியாதையினால்தான்.

தங்களை மிகவும் புண்படுத்தியது அந்தப் படகுக் காட்சியாக இருக்க வேண்டும். கதாநாயகன் படகில் ஏறித் தப்பி ஓட வேண்டும், நான் "விட மாட்டேன்" என்று அலறிக்கொண்டு பின்னால் வர வேண்டும், இவ்வளவுதான் திட்டம். தண்ணீர் வற்றுகிற நேரம். படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. சென்னைக்காரத் தம்பி துடுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். சம்பந்தி, தாங்களே சொல்லுங்கள். தரை தட்டிய படகைப் பார்த்துவிட்டு நம் ஊரில் பிறந்தவன் எவனாவது சும்மா நிற்பானா? நான் பேய் என்பதே எனக்கு மறந்துவிட்டது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஏலேலோ" என்று குரல்கொடுத்துப் பின்னாலிருந்து தள்ளி, படகை ஆழத்தில் சேர்த்து, "நேரா போ நைனா, சோத்தாங்கைப் பக்கம் சேறு" என்று வழியும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் "விட மாட்டேன்" என்று அலறினேன். தன்னிடமிருந்து தப்பி ஓடுகிறவனுக்குப் படகு தள்ளிவிடுகிற பேயை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

பழவேற்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் போட்டபோது அந்த இடத்தில் எழுந்த சத்தத்தைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும். பயந்தவர் ஒருவரும் இல்லை. அழுதவர்கள் உண்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தவர்கள். நான் பெரிய செலவில் எடுத்த பேய்ப் படங்களும் பார்த்திருக்கிறேன். அவற்றில் பேய் எங்கிருந்தோ வருகிறது, எல்லாம் கச்சிதமாக இருக்கிறது, வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுக்கொண்டு படுக்கிறோம். இதில் மோகினி பறக்கும்போது நைலான் கயிறு தெரிகிறது. அந்தக் கயிற்றை மறுமுனையில் இழுப்பவர் யார் என்பதும் நமக்குத் தெரிகிறது. தெரிந்தும், தெரியாததுபோல் எல்லோரும் சேர்ந்து "ஐயோ" என்கிறோம். இப்படி ஒரு மரியாதையை நாம் இன்னொரு இடத்தில்தான் ஒருவருக்கொருவர் செய்கிறோம், அது கல்யாண வீடு. அங்கேயும் எல்லாக் கயிறும் தெரியத்தான் செய்கிறது.

இப்போது கீதா அழுகிறாள். "ஊரே சிரிச்சிச்சே, அதுக்கு நான் அழுவல நைனா. அவங்க வூட்ல மட்டும் சிரிக்கலியே, அதுக்குத்தான்" என்கிறாள். ஆகவே தங்களுக்கு உறுதி கூறுகிறேன்: இனி இந்த ஜன்மத்தில் நான் புடவை கட்டமாட்டேன், கேமரா இருக்கிற திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டேன், ஜோஷ்வா வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவேன். என் தவறுக்கு என் மகளைத் தண்டிக்காமல் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்க வேண்டுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு வேலம்மாவின் அன்பு. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், அவர் எல்லா வளமும் பெற்று, தகப்பனார் மனம் இளகும்வரை தினமும் அவர் கண்ணில் படும்படி நிற்கட்டும். தங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி என்றே இன்னும் நம்புகிற,
சிங்காரம்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் மோகன்குமார் ஃபோன் செய்தார். "மாமா, நைனா இப்பத்தான் வாயத் தொறந்தாரு. நீங்க பொடவ கட்னதுல அவருக்குக் கோவமே இல்ல. எங்க தலைக்கட்டும் பாடு முறையில கீது, சீட்ல மட்டும் எம் பேர எப்டி வுட்டாங்கன்னு கத்தறாரு. அப்புறம், படகக் கையால தள்றாரே, தோளக் குடுத்துத் தள்ளணும்னுகூட தெரியாதான்னு கேக்கறாரு" என்றார். உடனே கோதண்டத்திடம் ஓடினேன், ஊர் தன் பிழையை ஒப்புக்கொண்டது. ஜோஷ்வா இரண்டாம் பாகம் எடுக்கிறார், இப்போது என் வீட்டில்தான் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். குலுக்கல் இல்லாமலே முதல் முறை தங்களுக்கு. வேலம்மா புடவையைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டாள். இரண்டாவது முறை எனக்கு. மீசையை எடுக்க வேண்டாம், கல்யாண ஃபோட்டோவுக்கு வேண்டும்.