மாப்பிள்ளையின் அபிப்பிராயம்

"இதுவா, அதுவா?"

டீச்சர் இரண்டு துணித்துண்டுகளைத் தூக்கிப் பிடித்தாள். மேடைத் திரைக்கு.

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு," என்றார் மாப்பிள்ளை.

"ஒண்ணைச் சொல்லுங்க."

"உன் இஷ்டம்."

கல்யாணம் அடுத்த வாரம். மாப்பிள்ளை இதுவரை சொந்தமாகத் தெரிவித்த ஒரே கருத்து, காபியில் சர்க்கரை கம்மி என்பதுதான்.

"கல்யாணம் எனக்கு மட்டுமா? உங்களுக்கும் அதே அன்னிக்குத்தான்."

மாப்பிள்ளை இறுதி ஊர்தி வைத்திருந்தார். வண்டி, பூ, நாற்காலி எல்லாம் ஏற்பாடு செய்து தருவார். போன வருடம் டீச்சரின் அப்பாவை வழியனுப்பியபோதுதான் இருவருக்கும் பழக்கம். அவர் பணிவாக விளக்கினார்.

"எங்க தொழில்ல, ஏற்பாடெல்லாம் யாருக்காகவோ அவங்க அபிப்பிராயம் சொல்றதில்லம்மா. பேசாம இருப்பாங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடும்."

துணித்துண்டுகள் இரண்டும் அவர் முகத்தில் வந்து விழுந்தன.

"ஒரு வேலையைக் கொடுத்துப் பாருடி," என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

"கொடுக்கறேன். ஆனா உங்க டிரைவர் அண்ணன் தலையில கட்டக்கூடாது. நீங்களே செய்யணும்."

வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் அனுதாபம் இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

முதல் வேலை, பூ. மறுநாளே மாதிரி வந்துவிட்டது. பெரிய வட்டமாகக் கட்டி, மூன்று கால் தாங்கியில் நிறுத்தி, குறுக்கே வெள்ளை ரிப்பன்.

"ரிப்பன்ல யார் பேர் போடணும்னு பூக்காரர் கேட்டார். உன்னைக் கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன்."

டீச்சர் கண்களை மூடித் திறந்தாள். "பூவை விடுங்க. கார் பாருங்க."

"கார் எதுக்கு? நம்ம வண்டியே இருக்கே. குலுங்கவே குலுங்காது."

"இதுல நான் எங்க உக்கார்றது?"

மாப்பிள்ளை யோசித்தார். அந்த வண்டியில் போனவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"காரும் வேணாம். வர்றவங்களை வரவேற்க நாலு பேரைத் தயார் பண்ணுங்க. அது போதும்."

தயார் பண்ணினார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டப வாசலில், வேண்டாமென்றும் வந்துவிட்ட பூ வட்டங்களுக்கு நடுவே, டீச்சரின் தம்பிமார் நால்வரும் கறுப்புச் சட்டையில், கை கட்டி, தலை குனிந்து நின்றார்கள். "உள்ள போங்க... தைரியமா இருங்க," என்றார்கள், ரகசியக் குரலில்.

சிரித்துக்கொண்டே வந்த கூட்டம் வாசலிலேயே வாயை மூடிக்கொண்டது. மாமா நேராக அம்மாவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். எதற்கென்று தெரியாமல் அம்மாவும் அழுதாள். பெரியம்மா மாப்பிள்ளையை ஓரம் கட்டினாள்.

"எப்ப?"

"நாளைக்குக் காலைல," என்றார் மாப்பிள்ளை, கனத்த குரலில்.

டீச்சர் அவரை மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு இழுத்துப் போனாள்.

"உண்மையைச் சொல்லுங்க. என்னைக் கட்டிக்க விருப்பம் இருக்கா, இல்லையா? இல்லைன்னா நானே வெளிய போய்ச் சொல்லிடறேன். எல்லாரும் எப்படியும் அழுதுக்கிட்டுத்தான் இருக்காங்க."

"உன்..." என்று ஆரம்பித்த மாப்பிள்ளை, நல்லவேளையாக நிறுத்திக்கொண்டார்.

டீச்சரின் குரல் உடைந்தது.

"அப்பா போன அன்னிக்கு என்னை எதுவுமே கேக்காம எல்லாத்தையும் பார்த்துக்கிட்டீங்களே! அம்மா தலையில வெயில் பட்டதும் குடை வந்துச்சு. பேச்சுவார்த்தை இல்லாத மாமாவும் சித்தப்பாவும் வேற வேற வரிசையில உக்காந்திருந்தாங்க. அப்பாவோட கண்ணாடியைத் துடைச்சு என் பைக்குள்ள வெச்சிருந்தீங்க, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். கட்டினா இந்த மனுஷனைத்தான்னு அன்னிக்கே முடிவு பண்ணேன். அந்த மனுஷன் எங்க?"



கதவு மெல்லத் திறந்தது. டிரைவர் ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்தார். வெளியே மறுபடி சிரிப்புச் சத்தம். தம்பிகள் சட்டை மாற்றியிருந்தார்கள். வட்டங்கள் பிரிக்கப்பட்டு, பூ வாசலில் சரம்சரமாகத் தொங்கியது. யாரும் எதுவும் கேட்பதற்குள் தம்ளர் டீச்சரின் கையில் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா, அந்தக் குடை, கண்ணாடி எல்லாம் நான் செஞ்சது," என்றார் டிரைவர். "முதலாளி அன்னிக்கும் ஒண்ணும் செய்யல, உங்களையே பாத்துக்கிட்டு நின்னாரு."