இருபத்திரண்டு கேஜ்

"தோப்புக் கேட்டுக்கு ஸ்கொயர் டியூப்பு வேணுங்க. இருபது கேஜு."

இரும்புக் கடை காளிச்சாமி தராசிலிருந்து தலையைத் தூக்கினார். "கேட்டுக்கு இருபதா? யாருங்க வெல்டரு?"

'நான்தான்' என்று சொல்லத் தங்கதுரைக்கு நாக்கு எழவில்லை. வெல்டிங் மெஷின் பார்சலில் வந்து மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. கடையில் நாலு பேர் வேறு நின்றிருந்தார்கள்.

"நம்ம நல்லதம்பிதானுங்க" என்றான்.

நல்லதம்பி முதலமடையில் இருபது வருஷமாக வெல்டர். பேரைக் கேட்டதும் காளிச்சாமி மறுபேச்சில்லாமல் எடுத்துப் போட்டார்.

அந்த நல்லதம்பியைக் கூப்பிடச் சொல்லித்தான் தங்கதுரையின் மனைவி கிருத்திகா தலைபாடாக அடித்துக்கொண்டாள். தோப்பில் புதிதாக வைத்தது அறுபது ஒட்டு மாங்கன்று. வேலி வாசலில் மூங்கில் படல் இற்று விழுந்து, அந்தச் சந்து வழியே தினமும் இரண்டு ஆடுகள் விருந்துக்கு வந்தன. கன்று போனால் நாலு வருஷம் போச்சு.

"ஒரு கேட்டுதானே? வீடியோ பாத்து நானே அடிச்சுருவேன்" என்று மார்தட்டியிருந்தான் தங்கதுரை.

முதல் தீப்பொறியிலேயே டியூப்பில் ஓட்டை. அதை அடைக்கப் போய் அதைவிடப் பெரிய ஓட்டை. சாயங்காலம் கிருத்திகா வந்து பார்த்தாள்.

"ஏனுங் மாமா, இது கேட்டா, புல்லாங்குழலா?"

தகடு மெலிசு என்பது அவனுக்கே புரிந்தது. இருபதைவிடக் கெட்டி எது? இருபத்திரண்டு. இதற்கு வீடியோ வேறு வேண்டுமா?

"இருபத்திரண்டா!" என்றார் காளிச்சாமி. "நல்லதம்பியா கேட்டாரு?"

"அவரேதானுங்க. கண்டிசனாச் சொல்லியனுப்பிச்சாரு."

காளிச்சாமி பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். நல்லதம்பியிடம் மாடிப்படி செய்யக் கொடுத்திருந்தவர் அவர். அந்த ஆள் போனை எடுத்துக்கொண்டு அவசரமாக வெளியே போனார்.

இருபத்திரண்டு கேஜ், ராடு தொட்டதுமே உருகி ஒழுகியது. கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதை வீடியோக்காரர் கடைசி நிமிஷத்தில்தான் சொல்லியிருந்தார். தங்கதுரை கடைசி நிமிஷம் வரை எந்த வீடியோவையும் பார்த்ததில்லை.

இப்போது போய்ப் பதினாறு என்று கேட்டால் முந்தின தப்பு வெளியே வந்துவிடும். கேஜ் பேச்சே வேண்டாமென்று துத்தநாகம் பூசிப் பளபளவென்றிருந்த ஜி.ஐ. பைப்பைக் கைகாட்டினான்.

"ஜி.ஐ.யைப் போயி வெல்டு பண்றாரா? அந்தப் பொகை ஆளைச் சாச்சுருமேங்க!" காளிச்சாமி உச்சுக்கொட்டினார். "பாவம், நல்லா இருந்த மனுசன்."

புகை சாய்த்தது. தங்கதுரைக்கு இரண்டு நாள் காய்ச்சல்.

எழுந்ததும், இருப்பதிலேயே கனமான ஆங்கிள் இரும்பை வாங்கிவந்தான். இந்தமுறை வெல்டிங் கெட்டியாக நின்றது. கல்லுக்கால்தான் நிற்கவில்லை. கேட்டை மாட்டிய மறுநாளே பாரம் தாங்காமல் சாய்ந்து, வேலிக் கம்பியையும் இழுத்துக்கொண்டு போனது. முன்பு ஒரு சந்து, இப்போது இரண்டு.

இந்தக் கூத்தில் மூன்று வாரம் ஓடிவிட்டது. காலையில் எண்ணிப் பார்த்தான். ஆடுகள் பன்னிரண்டு. பத்தின் கழுத்தில் புதுக் கயிறு. மிச்சமிருந்த கன்று பதினெட்டு.

"வீட்டுக்கு ஒறம்பரை சனம் வந்தாக்கூட ஒருவேளை விருந்து தின்னுட்டுப் போயிருவாங்க" என்றாள் கிருத்திகா. "இதுக சொந்தபந்தத்தையே கூட்டியாந்திருக்குதுங்க. நீங்க போயி நல்லதம்பியண்ணனைக் கூட்டியாரீங்களா, இல்ல நான் போகட்டுமா?"

மானத்தை வேலியில் தொங்கவிட்டுவிட்டுத் தங்கதுரை பைக்கை உதைத்தான்.

நல்லதம்பி வீட்டு வாசலில் அவர் மனைவி கமலாத்தாள் அகத்திக்கீரைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் இருக்காருங்களாக்கா? அவசரமா ஒரு கேட்டு அடிக்கோணுமுங்க."

"அவரு வெல்டிங்கை விட்டு ஒரு வாரமாச்சு தம்பி" என்றாள் கமலாத்தாள். "இருபத்திரண்டு கேஜுல கேட்டு அடிக்கறாரு, புத்தி பெசகிருச்சுன்னு எவனோ கெளப்பிவிட்டு ஒரு வேலையும் வரலை, மெஷினை வித்துப் பத்து ஆடு வாங்கிட்டோம், தீனிக்கும் கவலையில்லீங்க, யாரோ ஒரு புண்ணியவான் மாந்தோப்புக்குக் கேட்டே போடாம விட்டிருக்காராமா!"