பதினோராவது ஆள் பிம்

நெதர் காலோ,
செப்டம்பர் 4, செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் ஆப்ரி அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கை டோரீனும் இங்கே சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் தனியாகப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறது. நியூசிலாந்தில் நீங்களும் உங்கள் நானூறு ஆடுகளும் அதேபோல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு மாறிவிடும். நம் கிரிக்கெட் அணிக்கு நான் ஒரு பொய் ஆளை உண்டாக்கினேன். இப்போது அந்தப் பொய் ஆள் என் இடத்தைப் பிடுங்கிக்கொண்டு என்னை வெளியே தள்ளிவிட்டான். இருபத்தாறு வருஷம் ஆடி, மொத்தத்தில் ஆட்டத்துக்கு மூன்று ஓட்டம் என்ற என் சராசரியைத் தெரிந்தவர் நீங்கள், சிரியுங்கள். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நீங்கள் காப்டன் பதவியைக் குழாய் ரிப்பேர் ஸ்ப்ரேக்கிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிய மறுவருஷம் நாங்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஒருத்தன் கல்யாணம் என்று போனான், ஒருத்தன் கோல்ஃப் என்று போனான், பாதிரியாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை எண்ணிப் பார்த்தால் பத்துப் பேர்தான். மைதானப் பத்திரம் உங்களுக்கு மனப்பாடம்: பருவத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊர்க்காரர் பதினொரு பேர் ஆட வேண்டும், ஒரு வாரம் ஒருத்தர் குறைந்தாலும் நிலம் ஸ்ட்ரோட் குடும்பத்துக்குத் திரும்பிவிடும். மிஸ் ஸ்ட்ரோட் மைதானத்தை எட்டிப் பார்ப்பதில்லை, கிரிக்கெட் பார்த்தால் அவளுக்குக் கொட்டாவி வரும். ஆனால் திங்கட்கிழமை காலையில் ஸ்கோர் புத்தகத்தை வரவழைத்துப் பெயர்களை விரல் வைத்து எண்ணுவாள். அந்த இடத்தில் பன்றிப் பண்ணை போட அவள் வரைபடமே வைத்திருக்கிறாள். அதனால் நான் பத்துப் பெயரை எழுதி, பதினோராவதாக 'டபிள்யூ. பிம்' என்று எழுதினேன். எங்கிருந்து அந்தப் பெயர் வந்தது என்று கேட்காதீர்கள், பேனா எழுதியது. பக்கத்தில் 'கால் சுளுக்கு, மட்டை பிடிக்கவில்லை' என்றும் போட்டேன். எதிரணி கண்டுபிடிக்கவில்லையா என்றால், எங்களை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு எந்த எதிரணியும் எங்களை மதித்ததில்லை.

நம் தேநீர்ச் சாப்பாட்டு மகாராணி ஹில்டா க்வான்ஸ் அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். "ஏம்ப்பா லயனல், அந்தப் பிள்ளைக்குக் காலு சுளுக்கிக்கிச்சாமே, நீங்கள்லாம் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே" என்று ஒரு பாட்டில் சுளுக்குத் தைலத்தைக் கொண்டுவந்து பெவிலியன் ஜன்னலில் வைத்தாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பார்த்தேன், தைலம் பாதிதான் இருந்தது. எலி குடிக்குமா மச்சான் அதை? மூடி திருகி ஒழுங்காக மூடியிருந்தது.

அந்தப் பருவம் முழுக்க அவன் மட்டை பிடிக்காமலே ஓட்டினேன். இரண்டாவது பருவத்தில்தான் வினை. ஸ்லிப்பைத் தாண்டி எல்லைக்கோட்டுக்குப் போகும் பந்தை ஓடிப்போய்ப் பொறுக்குவது என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும், அந்த வேலையைக் கொடுத்ததே நீங்கள்தான். ஒரு நாள் அப்படி ஒரு பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு, யாருமே நிற்காத ஸ்லிப் பக்கமாகப் பறந்தது. நான் முனகிக்கொண்டே குனிந்து தயாரானேன். பந்து வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அது முழங்கால் உயரத்தில் காற்றில் நின்றுகொண்டிருந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு மெதுவாக, பழத்தைத் தூக்கிப்போடுவது மாதிரி, விக்கெட் கீப்பர் கைக்குப் போனது. அம்பயர் விரலைத் தூக்கினார். அடித்தவன் மறுபேச்சில்லாமல் நடந்தான். ஸ்ப்ரேக் கையைத் தட்டி, "பிம்மு, அருமைடா!" என்றான். நாங்கள் பந்து போடும்போது ஸ்கோர் எழுதுவது டோரீன். புத்தகத்தில் 'பிடித்தவர்: பிம்' என்று அவள் கையெழுத்தில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "டோரீன், நீ எதைப் பார்த்து எழுதினே?"

"கேட்சைப் பார்த்துத்தாங்க."

"பிடிச்ச ஆளைப் பார்த்தியா?"

"ஏங்க, நல்லா ஆடுறவரைப் பார்த்துப் பொறாமைப்படாதீங்க. உங்கள மாதிரி பந்து வந்தா கண்ணை மூடிக்கிற ஆள் இல்ல அவரு."

அவரு! கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் என்னைப் பற்றி அவள் இந்தக் குரலில் பேசியதில்லை.

அதற்குப் பிறகு நான் தூங்குகிற மாதிரி பாசாங்கு செய்துகொண்டு எல்லாவற்றையும் கவனித்தேன். முதல் ஸ்லிப் நிற்கும் இடத்தில் இரண்டு பாதம் அளவுக்குப் புல் தேய்ந்துவிட்டது. அளந்தேன், பத்தாம் நம்பர் பூட்ஸ். நம் அணியில் யாருக்கும் பத்தாம் நம்பர் கால் கிடையாது. தேநீர் இடைவேளையில் ஹில்டா ஒரு தட்டு கூடுதலாக வைப்பாள். ஆட்டம் முடிந்து பார்த்தால் முட்டை சாண்ட்விச் காலி, பீட்ரூட் மட்டும் ஓரமாக ஒதுக்கியிருக்கும். "பீட்ரூட் அவனுக்கு ஆகாதுப்பா" என்று அவள் அடுத்த வாரத்திலிருந்து வெள்ளரிக்காய் வைத்தாள். அதுவும் காலி.

மூன்றாவது பருவம், ஆகஸ்ட் மாதம், ஒன்பது விக்கெட் போய்விட்டது, ஜெயிக்க ஒரு ஓட்டம் பாக்கி, ஆடுவது நான். மறுமுனையில் பிம், அதாவது யாருமில்லை. வந்த பந்து என் மட்டையில் தானாக வந்து பட்டு உருண்டது. "ஓடுங்க!" என்று ஒரு குரல். ஸ்ப்ரேக் கத்தினான் என்று நினைத்து ஓடினேன். பாதி வழியில் என் தோளை உரசிக்கொண்டு ஏதோ கடந்து போயிற்று மச்சான். காற்று என்று சொல்ல ஆசைதான். ஆனால் அதில் சுளுக்குத் தைல வாசனை அடித்தது. அது லேசாக நொண்டிக்கொண்டே ஓடியது, அந்தக் காலடிச் சத்தம் ஒன்று பலமாக, ஒன்று மெலிதாகக் கேட்டது. அந்தக் காலைச் சுளுக்கவைத்தவனே நான்தானே. அன்றைக்கு ஜெயித்தோம். எல்லாரும் ஓடிவந்து தோளில் தூக்கியது என்னை இல்லை. ஸ்ப்ரேக்கும் கீப்பரும் எதையோ தூக்கினார்கள், இரண்டு பேரும் பாரம் தாங்காமல் தள்ளாடினார்கள். நான் என் மட்டையை நானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

ஜெயிக்கிற அணிக்கு ஆள் சேரக் கேட்க வேண்டுமா? கல்யாணக்காரன் திரும்பினான், கோல்ஃப்காரன் திரும்பினான், முதுகுவலி என்று ஒருத்தன் மட்டும் விலகினான். இந்த வருஷம், நாலாவது பருவத்தில், என்னையும் சேர்த்து ரத்தமும் சதையுமாகப் பதினொரு பேர். பத்திரத்துக்கு இனி ஆபத்தில்லை, பிம்மை மரியாதையாக அனுப்பிவிடலாம் என்று நான் நிம்மதியானேன். வரும் சனிக்கிழமை பக்கத்து ஊரான மேல் காலோவுடன் கோப்பைக்கான கடைசி ஆட்டம். நம் ஊர் அதில் ஜெயித்து முப்பத்தொரு வருஷம். போன வியாழக்கிழமை பப்பின் பின்னறையில் அணியைத் தேர்ந்தெடுக்கக் கூடினோம். ஸ்ப்ரேக் தொண்டையைச் செருமினான்.

"லயனல் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பன்னெண்டு பேரு இருக்கோம். ஒருத்தர் உக்காரணும்."

"பன்னெண்டா? பிம் ஆளே இல்லடா! நான் எழுதின பேருடா அது!"

"என் பேரையும்தான் வாராவாரம் நீங்க எழுதுறீங்க. அதுக்காக நான் இல்லாமப் போயிட்டேனா?"

"சரி, அவன் வீடு எங்கே? பொண்டாட்டி யாரு?"

"உங்க மனசுல ஏன் இவ்வளவு வன்மம்?" என்றான் கோல்ஃப்காரன். "அவன் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருப்பானா?"

அது உண்மைதான், ஒரு வார்த்தையும் பேசியதில்லை. கை தூக்கச் சொன்னார்கள். நான் ஆட வேண்டும் என்று ஒரு கைகூட எழவில்லை. பிம் ஆட வேண்டும் என்றவர்களை ஸ்ப்ரேக் எண்ணி, "பன்னெண்டு" என்றான். அந்தக் கணக்கோடு எல்லாரும் பியர் குடித்தார்கள். மேசை ஓரத்தில் யாரும் கை வைக்காத ஒரு கோப்பையில் நுரை மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மச்சான், இந்த ஊரில் உங்கள் சொல்லுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. ஸ்ப்ரேக்குக்கு ஒரு தந்தி, இரண்டே வரி: பிம் என்று ஒருவனை எனக்குத் தெரியாது, லயனல் ஆட வேண்டும், அவ்வளவுதான். பழைய புத்தகங்களைக் காட்டி மிஸ் ஸ்ட்ரோட் சண்டைக்கு வந்தால் நான் சமாளித்துக்கொள்கிறேன். இருபத்தாறு வருஷத்துக்கு நான் கேட்பது ஒரு சனிக்கிழமை.

உங்கள் ஆடுகள் பெருகட்டும், உங்கள் கூரை ஒழுகாதிருக்கட்டும் என்று டோரீனும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இடம் இழந்த உங்கள் மைத்துனன்,
லயனல் டக்கெட்

பின்குறிப்பு: இந்தக் கடிதம் வந்ததும் தந்தி அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள், தபால் சீக்கிரம் வந்து தொலைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள். மேல் காலோவின் இடதுகைக்காரன் பந்தை ஸ்லிப் பக்கம் தட்டிவிடும் பழக்கம் உள்ளவன், அங்கே நான் நின்றால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசியுங்கள். எனக்காக ஒரு கைகூட எழவில்லை என்றேனே, அதில் என் கையும் சேர்த்தி. பன்னிரண்டில் ஒன்று என்னுடையது. தைலம் நேற்றோடு தீர்ந்துபோயிருந்தது. புதுப் பாட்டில் ஒன்று வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன்.