மானுக்குப் பிடிக்காத ஹாரன் பாய்

இந்த பெங்களூரில் மானைப் பார்த்து "ஐயோ, எவ்வளவு அழகு" என்று சொல்லாமல், நேருக்கு நேர் நின்று கண்டபடி திட்டிய ஒரே மனுஷன் எங்கள் ஹாரன் பாய்தான். வேறு யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு பிளேட் கபாப் இலவசமாகத் தருகிறேன்.

சந்தாபுராவில் பாயின் மட்டன் கடையை ஒட்டினாற்போல என் கபாப் வண்டி. அவர் நிஜப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. அவர் இறந்தபோது தெருமுனையில் வைத்த பேனரில் ஏதோ ஒரு பெயர் போட்டிருந்தது. யார் செத்தது என்று எனக்கே ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது. அப்புறம் போட்டோவைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

பேர் வந்த கதை சின்னது. அவர் ஸ்கூட்டரில் பழைய லாரிகளில் இருக்குமே, ரப்பர் பந்தை அமுக்கினால் கத்தும் ஹாரன், அதைக் கட்டி வைத்திருந்தார். எருமைக்கு வயிற்று வலி வந்தால் எப்படிக் கத்துமோ அப்படிக் கத்தும். ஓசூர் ரோட்டில் பஸ்ஸே ஒதுங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டமான கூட்டம். பெரிய காரில் ஒருத்தர் வந்து இறங்கினார். எல்லாரையும் தாண்டி வந்து பாயின் காதருகே குனிந்தார்.

"பாய், அது கிடைக்குமா?"

"எது சார்?"

"அதான் பாய், மலையில ஓடுமே."

"ஆடுகூட மலையில ஓடும் சார்."

"அரே, புள்ளி இருக்குமே பாய். காசு பத்தி கவலை வேணாம்."

பாய் கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். நிதானமாக நடந்து போய் ஸ்கூட்டரிலிருந்து ஹாரனைக் கழற்றிக்கொண்டு வந்தார். அந்த ஆளின் மூக்குக்கு நேராகப் பிடித்து ஒரே அமுக்கு.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! சாருக்கு மான் கறி வேணுமாம்! ஏ கபாபு, ஃபாரஸ்ட் ஆபீசுக்கு போன் போடு! சார், ஓடாதீங்க சார், எலும்போடவா, எலும்பு இல்லாமலா?"

அந்த ஆள் ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு எங்கள் பக்கமே தங்கிவிட்டது. பாய் அதைக் கடை வாசலில் கட்டித் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு அப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு அந்தச் செருப்பைத்தான் காட்டுவார்.

செவ்வாய்க்கிழமை கடை லீவு. ஒரு நாள் பாயம்மா, அதாவது பாயின் மனைவி, என் வண்டிக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, உங்க பாய் செவ்வாய்க்கிழமை ஆனா எங்க போறாரு?"

"எனக்கென்ன தெரியும் பாயம்மா?"

"வாரம் பூரா லுங்கி. செவ்வாய்க்கிழமை மட்டும் சோப்பு போட்டுக் குளியல், வெள்ளை ஜிப்பா, அத்தர். என் தம்பி கல்யாணத்துக்குக்கூட அந்த அத்தரைத் தொடலம்மா! நீ பின்னாடி போய் அவ யாருன்னு பாத்துட்டு வா."

எனக்கும் செவ்வாய்க்கிழமை வேலை இல்லை. பாய் கடை மூடினால் எனக்குக் கறி ஏது? அடுத்த வாரம் என் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஆனேக்கல் தாண்டி, கல்குவாரி எல்லாம் தாண்டி, ஒரு மலையடிவாரத்தில் போய் நின்றார் மனுஷன். அது அரசாங்கத்து மலை. ரோட்டோரமாகக் கார்கள் நின்றன, பசங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவளும் நின்றுகொண்டிருந்தாள். புள்ளிமான், ஒரு காது கிழிந்தது. ஒரு பையன் நீட்டிய பிஸ்கட்டை நாக்கை நீட்டி வாங்கித் தின்றுகொண்டிருந்தது.

பாய் அத்தர் மணக்க நேராக அதன் முன்னால் போய் நின்று ஹாரனை அமுக்கினார்.

"அறிவு இருக்காடி உனக்கு? இவன் கையில பிஸ்கட்டு. நாளைக்கு வர்றவன் கையில என்ன இருக்கும்? ஓடு! மனுஷனப் பாத்தா ஓடுடி, வெக்கம் கெட்டவளே!"

மான் நாலடி தள்ளிப் போய் நின்று அவரை வேடிக்கை பார்த்தது.

"பாய், என்ன இது?" என்று நான் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி முழித்தார். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்து சொன்னார்.

"முன்னாடி இங்க கூட்டம் கூட்டமா நிக்கும், கபாபு. இப்போ விரல் விட்டு எண்ணிடலாம். கம்பியில சுருக்கு வைக்கிறானுங்க, நாய் விட்டுத் துரத்துறானுங்க. அதுலகூட பாதி தப்பிச்சிடும். ஆனா இங்க ஒரு ஆண் மான் இருந்தான், கொம்பன். எல்லார் கையிலயும் வாங்கித் தின்னுவான், என் கையிலயும்தான். ஒரு நாள் ஒருத்தன் வாழைப்பழம் நீட்டியிருக்கான். கொம்பன் நம்பிப் போயிருக்கான், மடையன். நான் வந்தப்போ புதர்ல காலுங்க மட்டும்தான் கெடந்துச்சு."

கிழிந்த காதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மனுஷன நம்புற மானு குழம்புக்குத்தான் போகும். இவளுக்கு ஒரே ஒரு மனுஷனயாவது புடிக்காம போகணும். அது நானா இருந்துட்டுப் போறேன்."

வீட்டுக்கு வந்து பாயம்மாவிடம் சொன்னேன். "அவளுக்கு நாலு காலு பாயம்மா, உடம்பெல்லாம் புள்ளி." பாயம்மா நம்பவே இல்லை. போனில் எடுத்து வந்த போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று பொறாமையோடுதான் சொன்னார்.

அடுத்த மாதமே பாய் பிரபலமாகிவிட்டார். மலையில் ஒரு பெண் அவரை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டாள். 'வாயில்லா ஜீவனை மிரட்டும் கசாப்புக்காரர்.' கீழே கமெண்டில் எல்லாரும் பாயைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மறுநாளே ஃபாரஸ்ட் கார்டு ஒருத்தர் பைக்கில் வந்து இறங்கினார்.

"ஏன்ரீ பாய், மான் ஓட்டுறீங்களாமே?"

"ஓட்டுறேன் சார். ஆனா போக மாட்டேங்குது சார்."

"கேஸ் போடணும் தெரியுமா?"

"போடுங்க சார். பிஸ்கட்டு கொடுத்தவங்க மேலயும் சேர்த்துப் போடுங்க. அப்புறம் சுருக்குக் கம்பி வச்சவங்க மேல. என் பேர கடைசியில எழுதுங்க, நான் காத்திருக்கேன்."

கார்டு எங்கள் வாசலில் தொங்கிய ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். அதன் கதையைக் கேட்டார். சிரித்து முடித்து என்னிடம் கபாப் வாங்கித் தின்றார். போகும்போது பாயின் தோளைத் தட்டினார். "மலை அவ்வளோ பெருசு, ஆளுங்க நாங்க இவ்வளோதான். அத ரோட்டுப் பக்கம் வராம பண்ணுங்க சாமி. ஆனா வீடியோல மட்டும் மாட்டாதீங்க."

அந்தச் செவ்வாய்க்கிழமை, அனுமதியே கிடைத்த மாதிரி பாய் கிளம்பினார், நானும் கூடவே போனேன். அங்கேதான் வந்தது வினை. ரோட்டில் திரும்பும்போதே ஹாரனை அடித்தார். மலையிலிருந்து மான் குதித்துக் குதித்து இறங்கி, நேராக அவர் ஸ்கூட்டருக்கே வந்து நின்றது!

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பாய் ஹாரன் அடிப்பார், கூட்டம் கூடும், சிரிப்பு வரும், சிப்ஸ் பாக்கெட் பிரியும். எங்கள் ஸ்கூலில் சத்துணவுக்கு மணி அடித்தால் நாங்கள் ஓடுவோமே, அதே கதைதான். இத்தனை நாளாக பாய் மிரட்டவில்லை, சாப்பாட்டுக்கு மணி அடித்திருக்கிறார்.

அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஹாரனைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டார்.

"பாய், ஒண்ணு கேக்கவா? மிரட்டப் போற ஆளு எதுக்கு அத்தர் போட்டுக்கிறீங்க?"

"அது வந்து... வாரம் பூரா கறி வெட்டுறவன். என் மேல ரத்த வாடை இருக்கும். பாவம், அது பயந்துடாது?"

சொல்லி முடித்தவர் அப்படியே நின்றார். நானும் நின்றேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம் பாருங்கள், மான் தின்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை குளியல் இல்லை, ஜிப்பா இல்லை. ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தில் கட்டிய அதே லுங்கி. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். பாயம்மாவுக்கு மட்டும் ரொம்ப சந்தோஷம். "இப்படியே போங்க, எனக்கும் நிம்மதி" என்று வழியனுப்பினார்.

மலையடியில் மான் வழக்கம்போல வந்தது. காற்று எங்கள் பக்கமிருந்து அடித்தது. நடந்து வந்த கால் நின்றது. மூக்கு ஆடியது. வால் விறைத்தது. ஒரே பாய்ச்சல், புதரெல்லாம் கலகலத்துப்போக மலைமேல் போய்விட்டது.

"ஓடிட்டா! ஏ கபாபு, ஓடிட்டாடி!" என்று பாய் லுங்கியைத் தூக்கிப் பிடித்து ஆடினார். கார்க்காரர்கள் எல்லாம் முறைத்தார்கள். ஆடி முடித்துப் பாறையில் உட்கார்ந்தார்.

"திரும்பிக்கூடப் பாக்கல, பாத்தியா" என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் அதே அழுக்கு லுங்கியோடு போய், தன்னைக் கண்டு அது ஓடுவதைப் பார்த்துவிட்டு, பாதி சந்தோஷமும் பாதி சோகமுமாக வந்து, மூடிக் கிடக்கும் என் வண்டியில் சாய்ந்து டீ குடிப்பார். மான் ரோட்டுக்கு வருவதே நின்றுபோனது. பாய்தான் மேலே ஏறிப் போய் மிரட்ட வேண்டியிருந்தது. நெஞ்சு வலிக்குது என்று ஒரு நாள் சொன்னார். மேடு ஏறினதால் இருக்கும் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது கடையை அவர் மச்சான் பார்க்கிறார். நல்ல மனுஷன், ஹாரன் அடிக்கத் தெரியாது. எனக்கு இன்னும் காலையில் அந்த எருமைச் சத்தம் கேட்காமல் அடுப்புப் பற்றவைக்கக் கை வருவதில்லை. பாயம்மா அவர் துணியெல்லாம் துவைக்க எடுத்தபோது அந்தக் கடை லுங்கியை மட்டும் நான் பிடுங்கிக்கொண்டேன். "இது துவைக்காதீங்க பாயம்மா, வேலை இருக்கு" என்றேன். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. கவரில் சுற்றிக் கொடுத்தார்.

போன செவ்வாய்க்கிழமை தனியாகப் போனேன். மேலே ஏறி, பாய் உட்காரும் பாறையில் லுங்கியை விரித்துப் போட்டேன். கீழே கிழிந்த காது புல் மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் புதுசாக ஒரு குட்டி, கால் நடுங்க நடுங்க. காற்று திரும்பியது. தாய் தலையைத் தூக்கியது. ஒரே பாய்ச்சல். பின்னாலேயே குட்டியும் விழுந்தடித்து ஓடியது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு லுங்கியை மடித்தேன்.

"பாய்," என்றேன், "அவளுக்கு இன்னும் உங்களப் புடிக்கல பாய். அவ குட்டிக்கும் புடிக்கல."