தெங்கிரி மீனும் நெளியாத புழுவும்

அரைகுறையாகப் படித்தவனைக்கூடச் சாப்பிட அழைக்கலாம். அன்று காலையில்தான் படித்து முடித்தவனை அழைக்கவே கூடாது. இது தெரியாமல் சிம்பாங் ரெங்கத்தில் என் வருங்கால மாமனார் என்னை விருந்துக்கு அழைத்துவிட்டார். சாப்பிட்டதும் கல்யாணத் தேதி குறிப்பதாக ஏற்பாடு.

நான் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மீன் புழுக்களின் நொதிகளைப் பற்றிய பயிற்சிக் குறிப்பை (பதினோரு பக்கம்தான்) அன்று காலையில்தான் கரைத்துக் குடித்திருந்தேன். பெண், மாலதி, செனாயில் மீன் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். மீன் துண்டுகளை விளக்கு மேசையில் வைத்துப் புழு தேடுவதே அவள் வேலை. அவள் வீட்டிலேயே புழுவைப் பற்றி உரையாற்ற எனக்கு எப்படித் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை.

வாழை இலையில் தெங்கிரி மீன் கறி. "மீன்ல இருக்கிற புழு உயிரோட உள்ள போச்சுன்னா, மாமா, என்ஸைம் சுரந்து வயித்துச் சுவரையே கரைச்சுத் தொளைக்கும். அப்புறம் வாந்தி, வலி" என்றேன். மாமாவின் கை பாதி வழியில் நின்றது.

இதற்குள் அத்தை என் இலையில் பாயசம் ஊற்றியிருந்தார். கடைசியில் ருசிக்க ஒதுக்கியிருந்த மீன் துண்டை அது தொட்டதை நான் கவனிக்கவில்லை. மீனைப் பிட்டேன். வெள்ளையாக, மெல்லியதாக, ஒன்று சுருண்டு கிடந்தது.

"இதோ, இதுதான்" என்று விரலில் தூக்கிக் காட்டினேன். சந்தோஷம் தாங்கவில்லை. (கல்யாணம் நினைவிலேயே இல்லை.)

அத்தையின் முகம் வாடிவிட்டது. "காலையில நானே பசார் போய் பாத்து வாங்குன மீன், தம்பி" என்றார். மாமா தேதி குறிக்க எடுத்து வைத்திருந்த நாள்காட்டியை இடது கையால் மறுபடி ஆணியில் மாட்டினார். அப்போதுதான் எனக்குக் கல்யாணம் நினைவுக்கு வந்தது.

மாலதி கைப்பேசி விளக்கை அடித்து, என் விரலில் இருந்ததைத் தொழில் சுத்தமாகப் பார்த்தாள். பிறகு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"இனிக்குது லா. சேமியா. கொதிச்ச கறியில எந்தப் புழு உசுரோட இருக்கும்? உங்க பேப்பர்ல அத போடலையா?"

(போட்டிருந்தது. பத்தாம் பக்கத்தில்.)

முதலில் மாமா சிரித்தார். அத்தைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நாள்காட்டி ஆணியிலிருந்து இறங்கியது.

கல்யாணமாகி எட்டு வருடம். அந்த வீட்டில் இன்றும் எனக்குப் பாயசம் தனிக் கிண்ணத்தில்தான். என் மகள் கிண்ணத்துக்குள் விளக்கடித்துப் பார்த்து, வந்த விருந்தாளிகள் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வாள்:

"எதுவும் நெளியல. அப்பா சாப்பிடலாம்."